டிராக் டேயில் நான்காம் சுற்றிலேயே சூடேறுகிறது, வளைவில் முன்பக்கம் தட்டுகிறது: உதவி தேவை

வளைவுப்பிரியன்:
அனைவருக்கும் வணக்கம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில், சொந்த வண்டியை ஓட்ட விடும் டிராக் டேயில் ஓட்டும்போது, நான்காவது சுற்றுக்குள் என் காரின் வெப்பமானி முள் நடுவை விட்டு மேலேறத் தொடங்குகிறது. வேகமான வளைவுகளில் முன்பக்கத்திலிருந்து தட்டும் ஓசை கேட்கிறது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி வளைவின் வெளிப்புறத்துக்கே போகிறது. நெடுஞ்சாலையில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அடுத்த டிராக் டே நெருங்கிவிட்டதால், பெரிய ரேடியேட்டரும் கடினமான ஷாக் அப்சார்பரும் வாங்கிவிடலாமா என்று தெரிந்தவர்கள் விரைந்து சொல்லுங்கள்.

கோவைச்சுற்று:
என்ன எஞ்சின், டர்போ உண்டா, கியர் மேனுவலா, ஸ்பிரிங் வண்டியோடு வந்ததுதானா என்று எதையும் நீங்கள் எழுதவில்லையே. முள் எப்போது ஏறுகிறது என்பதும் முக்கியம். பிட்டுக்குள் (தளத்தோரம் வண்டி நிறுத்தும் இடம்) வந்து நின்ற பிறகு ஏறினால் முதலில் ரேடியேட்டர் ஃபேனைப் பார்க்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறினால் ஃபேனுக்கு அதில் பெரிய பங்கில்லை. காற்று ரேடியேட்டருக்குள் போகிறதா, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சரியாகச் சுழல்கிறதா என்றே தேட வேண்டும்.

அனல்வெளி:
பானட்டின் பின்பக்கக் கீல்களுக்கு அடியில் வாஷர் வைத்துச் சற்று உயர்த்திவிடுங்கள். எஞ்சின் அறையின் சூடு அந்த இடைவெளி வழியாக வெளியேறிவிடும். கூலன்ட் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை.

முதுநிலை ஓட்டுநர்:
தம்பிகளே, அடிப்படையைத் தெரிந்துகொண்டு பிறருக்கு யோசனை சொல்லுங்கள். வேகமாக ஓடும் காரில் முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் கூடுதலாக இருக்கும். வைப்பர்களுக்கு அருகே, கேபினுக்குள் காற்றை இழுக்கும் துளையை உற்பத்தியாளர்கள் அமைப்பதும் அதனால்தான். அந்த இடத்தில் பானட்டைத் தூக்கினால், வண்டி நிற்கும்போது சூடு வெளியேறும். ஓடும்போது வெளிக்காற்று எஞ்சின் அறைக்குள் நுழைந்து, ரேடியேட்டர் வழியாக வர வேண்டிய காற்றைத் தடுக்கும். சூடு வெளியேறத் துளை வேண்டுமென்றால், அழுத்தம் குறைவாக இருக்கும் பானட்டின் முன்பாதியில் அமைக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் உரிய சூட்டை எட்டாது. எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடும்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். பல கார்களில் கூலன்ட் ஏறத்தாழ 75 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை எங்கிருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். ஆகவே முள் அசையும்போது நீங்கள் ஏற்கெனவே தாமதித்துவிட்டீர்கள். வண்டியின் கணினி தரும் அளவுகளைக் காட்டும் ஓபிடி கருவி ஒன்றை மாட்டி உண்மையான எண்ணைப் பார்க்காமல் ரேடியேட்டர் வாங்கப் புறப்படுவது எனக்குப் புரியவில்லை.

வளைவுப்பிரியன்:
ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். ஷாக் அப்சார்பர் வண்டியோடு வந்தது. நேர்ப்பாதையின் இறுதியில்தான் முள் ஏறுகிறது. கூலன்ட் புதியது. டயரில் 33 பிஎஸ்ஐ.

தெளிநீர்:
கூலன்ட்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சம அளவு கிளைக்கால் (கூலன்டில் உறைதலைத் தடுக்கச் சேர்க்கும் திரவம்) கலந்த நீரைவிடத் தூய நீர் ஒரே எடைக்கு 15 முதல் 20 சதவீதம் வரை கூடுதல் வெப்பத்தை ஏற்கும். கிளைக்கால் முதன்மையாகப் பனி உறையும் நாடுகளுக்கானது. மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் கிளைக்கால் கலந்த கூலன்டுக்குத் தடையே இருக்கிறது. சிந்தினால் தளம் வழுக்கும். வெறும் நீரை ஊற்றி ஓட்டிப் பாருங்கள்.

முதுநிலை ஓட்டுநர்:
பாதி உண்மை ஆபத்தானது. பந்தய எஞ்சினை அடிக்கடி பிரித்துத் துடைத்துப் பூட்டுகிறார்கள். இவர் வண்டி வாரம் முழுவதும் அலுவலகத்துக்குப் போகிறது. அலுமினிய சிலிண்டர் ஹெட்டுக்கும் வாட்டர் பம்ப்புக்கும் அரிப்புத் தடுப்பான் இல்லாத வெறும் நீர் என்ன செய்யும் என்று எந்தப் பட்டறையிலும் கேட்டுப் பாருங்கள். அதிலும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

தெளிநீர்:
ஆழ்துளைக் கிணற்று நீர் என்று நான் சொல்லவே இல்லை. டிஸ்டில்டு வாட்டரும், அரிப்புத் தடுப்பான் மட்டும் உள்ள சேர்மானமும் கலந்து ஊற்றலாம். கொதிநிலையைப் பற்றியும் அஞ்ச வேண்டியதில்லை. ரேடியேட்டர் மூடி ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கினாலே நீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும்.

முதுநிலை ஓட்டுநர்:
மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் உங்கள் 120 டிகிரி 100 டிகிரிக்கு இறங்கிவிடும். அரிப்புத் தடுப்பான் வேண்டும் என்பதை இப்போதாவது முதலிலேயே எழுதப் பழகுங்கள்.

கோவைச்சுற்று:
இரண்டு பேரும் சொல்வதில் பொருள் இருக்கிறது. கிளைக்காலின் அளவைக் குறைத்தால் இவருக்குச் சில டிகிரி மிச்சமாகலாம். ஆனால் நான்கே சுற்றில் சூடேறும் வண்டிக்கு அது விடையாகாது. அங்கே ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர்தான், நான்கு சுற்று ஓடினாலும் பதினைந்து கிலோமீட்டர் ஆகவில்லை. பெரிதாக ஏதோ ஒன்று காற்றைத் தடுக்கிறது என்றே கருதுகிறேன்.

வளைவுப்பிரியன் அவர்களே, வண்டியைத் தாழ்த்திய பிறகு எஞ்சினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தகடு இன்னும் அங்கே இருக்கிறதா? தாழ்த்திய வண்டியில் அது வேகத்தடைகளில் உரசும் என்பதால் பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ரேடியேட்டர் வழியாகக் காற்று பாய வேண்டுமானால் அதன் முன்புறம் அழுத்தம் கூடியும் பின்புறம் குறைந்தும் இருக்க வேண்டும். தகடு இல்லாத வண்டியில் அடியிலிருந்து காற்று எஞ்சின் அறைக்குள் ஏறிப் பின்புற அழுத்தத்தைக் கூட்டிவிடுவதால், பம்பருக்குள் வந்த காற்றில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றியே போய்விடும். ரேடியேட்டரின் இரு பக்கமும் உள்ள காற்றுத்தடுப்புப் பட்டைகளையும் பாருங்கள். ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் புழுதியும் பூச்சிகளும் அடைந்திருந்தால் மென்மையாக நீர் அடித்துக் கழுவுங்கள். கூலன்ட் புதியது என்பதால், மாற்றும்போது காற்றுக்குமிழ் சிக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

தட்டும் ஓசைக்கும் தாழ்த்தியதே காரணமாக இருக்கலாம். ஸ்பிரிங் குட்டையாகிவிட்டது, ஷாக் அப்சார்பர் பழைய நீளத்துக்கானது. அதனால் அது அமிழ்வதற்கு மிஞ்சியிருக்கும் தூரம் குறைவு. வளைவில் எடை வெளிப்புற முன்சக்கரத்தில் இறங்கும்போது அது பம்ப் ஸ்டாப்பில் (அமிழ்வின் எல்லையில் உள்ள ரப்பர் தடுப்பில்) மோதுகிறது. அந்த நொடியில் அந்த மூலை மட்டும் திடீரென்று இறுகி, டயர் தாங்கக்கூடியதைவிடக் கூடுதல் சுமையை ஏற்று வழுக்குகிறது. வண்டி வெளியே போவதற்கும் இது விளக்கம் தரும். தூசிக் கவசத்தை உயர்த்தி, ஷாக் அப்சார்பர் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைச் சுற்றி, ஷாக் அப்சார்பரின் உடற்பகுதியை ஒட்டி இறக்கி வையுங்கள். ஓட்டிவிட்டு வந்து அது பம்ப் ஸ்டாப் வரை தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளான லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், மேல் மவுன்ட் ஆகியவற்றையும் அசைத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் தளர்வு இருந்தாலும் இதே ஓசைதான் வரும்.

அளவு மீறித் தாழ்த்தினால் இன்னொரு கேடும் உண்டு. ஷாக் அப்சார்பரே சக்கரத்தை மேலிருந்து தாங்கும் மெக்பர்சன் வகைச் சஸ்பென்ஷனில், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைக் கடந்து மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், வளைவில் கிடைக்க வேண்டிய எதிர்க் கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை உள்நோக்கிச் சாய்வது) கூடாமல் நின்றுவிடும். உங்கள் முன் டயர்களின் வெளித்தோள் மட்டும் உருண்டு தேய்ந்திருக்கிறதா? 33 பிஎஸ்ஐ என்றீர்களே, அது குளிர்ந்த நிலையிலா, ஓட்டி வந்த பிறகா?

அனல்வெளி:
எனக்கும் தகடு இல்லை. இன்றே பார்க்கிறேன்.

வளைவுப்பிரியன்:
தகடு இல்லை. ஸ்பிரிங் போட்ட பட்டறையில் கழற்றியிருக்கிறார்கள். கேபிள் டை பம்ப் ஸ்டாப்பை ஒட்டி நிற்கிறது. வெளித்தோள் தேய்ந்திருக்கிறது. பழைய ஸ்பிரிங்கையும் தகட்டையும் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டேன். நன்றி.

வளைவுப்பிரியன்:
சென்று வந்தேன். ஓபிடியில் அதிகபட்சம் 101 டிகிரி. தட்டும் ஓசை இல்லை. வளைவில் இன்னும் கொஞ்சம் வெளியே போகிறது.

கோவைச்சுற்று:
மகிழ்ச்சி. எஞ்சியிருப்பது கேம்பராக இருக்கலாம். கேம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரிக்கு மேல் கிடைக்கும். போட்டவுடன் டோ அளவையும் (சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மறுபடி சரிசெய்ய வேண்டும், இல்லையேல் டயர் விரைவில் தேய்ந்துவிடும். டயர் அழுத்தத்தை ஓட்டி வந்தவுடன் பாருங்கள். அந்த 33 குளிர்ந்த நிலையில் வைத்ததென்றால் அப்போது வெகுவாக ஏறியிருக்கும். கடைசிச் சுற்றை உயர்ந்த கியரில், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டுங்கள். டர்போவும் டிஸ்க்குகளும் ஆறும். நிறுத்திய பிறகு ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள்.

முதுநிலை ஓட்டுநர்:
எண்ணைப் பார்த்தது நல்லது. எஞ்சின் இனி தாங்குவதால் கூடுதல் சுற்றுகள் ஓட்டுவீர்கள். அடுத்துச் சூடாகப்போவது பிரேக். டாட் 3 என்ற தர வகைப் பிரேக் ஆயிலுக்கு வகுத்துள்ள குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, 155. பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்தால் அந்தச் சுற்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது எது, எப்போது மாற்றினீர்கள்?

கோவைச்சுற்று:
நானும் அதையே கேட்க நினைத்தேன். அடுத்த டிராக் டேக்கு முன் பதில் எழுதுங்கள், வளைவுப்பிரியன்.