வீடு விற்க எனர்ஜி சர்டிபிகேட் வேண்டுமா? (மதுரை, திருநகர்)

திருநகர் வாசி:
வணக்கம். அப்பா கட்டிய மாடி வீடு, விற்கப் பேச்சு நடக்கிறது. வாங்குகிறவர் திருமங்கலத்துக்காரர், ஆனால் பணம் போடுவது இங்கிலாந்தில் இருக்கும் அவர் மகன். மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டு, இப்போது அந்த மகன், எனர்ஜி சர்டிபிகேட் (வீடு எவ்வளவு மின்சாரம், எரிபொருள் இழுக்கும் என்று கிரேடு போட்டுத் தரும் சான்றிதழ்) எங்கே என்கிறார். அங்கே அது இல்லாமல் விற்கவும் முடியாதாம், வாடகைக்கு விடவும் முடியாதாம். இது போதாதென்று ஒரு புரோக்கர், பணம் கொடுத்தால் நான் வாங்கித் தருகிறேன் என்று நிற்கிறார். நம்ம ஊரில் இப்படி ஒன்று உண்டா? பதிவில் கேட்பார்களா?

பத்திர எழுத்து:
கேட்க மாட்டார்கள். புரோக்கருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

சைட் எஞ்சினியர்:
கட்டாயம் இல்லை, சரி. அதற்காக இந்தியாவில் ஒன்றுமே இல்லை என்றும் இல்லை. 2001ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது, அடுத்த வருடம் பிஇஇ வந்தது, ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஸ்டார் கொடுக்கிற அதே ஆட்கள்தான். 2018ல் ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா என்று வீடுகளுக்குத் தனி விதி போட்டார்கள்: கூரை தவிர, சுவர், ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. அதுவும் 500 சதுர மீட்டர், அதாவது சுமார் 12 சென்ட்டோ அதற்கு மேலோ உள்ள மனையில் புதிதாகக் கட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. வீடுகளுக்கு ஸ்டார் லேபிளும் இருக்கிறது, விருப்பப்பட்டவர் வாங்கலாம், அவ்வளவுதான்.

லெஸ்டர் மதுரைக்காரி:
அந்தத் தம்பி சொல்வது இங்கே இங்கிலாந்தில் உண்மை. ஈபிசி என்பார்கள், ஏ முதல் ஜி வரை கிரேடு, 10 வருடம் செல்லும், முகவரியைப் போட்டால் பக்கத்து வீட்டுக் கிரேடைக்கூட அரசு இணையதளத்தில் பார்க்கலாம் (பார்த்திருக்கிறேன்). இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இ கிரேடுக்குக் கீழே இருக்கிற வீட்டை, விதிவிலக்கு பதிவு செய்யாமல், 2020 ஏப்ரலிலிருந்து வாடகைக்கு விட்டு வைத்திருக்கக் கூடாது. ஆனால் அந்தக் கணக்கில் பெரும்பங்கு குளிருக்கானது: பாய்லர் எப்படி, கூரைக்கடியில் குளிரைத் தடுக்கும் பஞ்சு எவ்வளவு தடிமன், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடியா என்று. எங்கள் வீட்டுக்கு வந்தவர் கேஸ் பில்லைக் கேட்கவே இல்லை, கட்டடத்தை அளந்து கணக்குப் போட்டுவிட்டுப் போனார். அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு சித்திரை வெயிலில் திருநகர் மொட்டை மாடிக்கு வந்து என்ன செய்யப் போகிறார்?

கூடல்நகர் குடித்தனம்:
நான் வாடகைக்கு வீடு பார்க்கும்போது ஏப்ரல், மே அடங்கிய ஈபி பில்லைக் கேட்பேன். ஹவுஸ் ஓனர் முகம் மாறினால் அடுத்த வீடு. அண்ணே, நீங்களும் ஒரு வருட பில்லை எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள், வேறென்ன வேண்டும்?

சைட் எஞ்சினியர்:
பில் மட்டும் போதாது. வயதானவர்கள் இரண்டு பேர் ஒரே ஒரு மின்விசிறியோடு இருந்தால் இலவச யூனிட்டுக்குள்ளேயே முடிந்தாலும் முடியும், அதே வீட்டில் மூன்று ஏசி போட்டால் இரண்டு மாதத்தில் 500ஐத் தாண்டி ரேட்டே மாறிவிடும். அது ஆட்களின் கணக்கு, வீட்டின் கணக்கு இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடியறை மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சன்ஷேடு இருக்கிறதா, எதிர் ஜன்னல் இருக்கிறதா, மொட்டை மாடியில் தட்டோடா வெறும் காங்கிரீட்டா, இதெல்லாம்தான் வீடு சூடா இல்லையா என்று சொல்லும்.

திருநகர் வாசி:
நன்றி சார். தட்டோடுதான். பில்லும் மாடி போட்டோவும் இன்றே அனுப்புகிறேன்.

சைட் எஞ்சினியர்:
போட்டோ எடுப்பதற்கு முன் ஓடு இடுக்குகளைப் பாருங்கள். பெயர்ந்திருந்தால் பாயிண்டிங் போட்டுவிட்டு அனுப்புங்கள், ஒழுகுமோ என்ற சந்தேகம் வந்தால் சர்டிபிகேட்டை மறந்துவிட்டு விலையைக் குறைக்க ஆரம்பித்துவிடுவார்.