புதுப்பிப்பு: ஆல்டெரான் கோளைத் தகர்க்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? விடை கிடைத்தது

1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் டெத் ஸ்டார் என்ற ராட்சத விண்வெளி ஆயுதம் சிதறடிக்கும் ஆல்டெரான் கோளின் அளவை எப்படிக் கணிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

திரையில் அளந்து பார்க்கும் யோசனை எனக்குச் சரிவரவில்லை, கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே தெரியாதே! கைகொடுத்தது "ஈர்ப்பிலிருந்து பின்னோக்கிப் போ" என்ற யோசனைதான். அங்கே மனிதர்கள் சாதாரணமாக வாழ்கிறார்கள். ஆகவே மேற்பரப்பு ஈர்ப்பு பூமியைப் போல 9.8 மீ./நொடி², பாறைக்கோள் என்பதால் சராசரி அடர்த்தி பூமியைப் போல கன மீட்டருக்கு 5,500 கி.கி. என்று வைத்தேன். ஆரம் சுமார் 6,370 கி.மீ. வந்தது. அதாவது, கிட்டத்தட்ட நம் பூமியேதான்.

அப்புறம் ஈர்ப்புப் பிணைப்பாற்றல், அதாவது தன் ஈர்ப்பால் ஒட்டியிருக்கும் கோளை முழுக்கப் பிரித்துவிடத் தேவையான ஆற்றல்: 3/5 × ஈர்ப்பு மாறிலி × நிறையின் வர்க்கம் ÷ ஆரம். விடை ஏறக்குறைய 2.2 × 10³² ஜூல். சூரியன் ஒரு வாரத்தில் வெளிவிடும் ஆற்றல் அது. முதலில் எனக்கு இதைவிட 32 மடங்கு வந்ததற்குக் காரணம், ஆரத்தின் இடத்தில் விட்டத்தைப் போட்டதுதான். அடர்த்தி மாறாவிட்டால் ஆற்றல் ஆரத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும், கவனம்.

எதிர்பாராதது ஒன்று. இது துண்டுகள் மெல்லப் பிரிந்துபோகத் தேவையான குறைந்தபட்சம் மட்டுமே. கோளின் ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான விடுபடு வேகம் நொடிக்கு 11.2 கி.மீ.; அந்த வேகத்தில் ஓர் ஆரத் தூரம் போகவே ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். படத்தில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஒரு நொடியில் ஓர் ஆரம் விரிகிறது என்று கொண்டால் 7 × 10³⁷ ஜூல், சூரியனின் சுமார் 6,000 ஆண்டு வெளிப்பாடு!