பிள்ளையை அமெரிக்க ஹைஸ்கூல்ல சேர்க்கப் போற டெல்டாக்காரங்களுக்கு: இங்கிலீஷ் கிளாஸ் கதை

திருத்துறைப்பூண்டியில இருந்து போன மாசம் நியூ ஜெர்சியில வந்து இறங்கின ஒரு தம்பி கேட்டிருந்தார். "பையன் இங்கிலீஷ்ல 92 வாங்கினவன். செப்டம்பர்ல பத்தாவது சேரணும். இப்பவே டியூஷன் போட்டுடலாமாக்கா?"

டியூஷனுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க தம்பி. லீவுக்கு மன்னார்குடி வந்திருக்கேன், அம்மா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்துதான் எழுதறேன். எங்க பாப்பா ஒன்பதாவது வரைக்கும் இந்த ஊர்லதான் படிச்சா. அங்க போய் பத்தாவது சேர்ந்தா, இப்போ பன்னிரண்டாவது போகப் போறா. நான் டீச்சர் இல்ல. அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல ஒரு படிவம் வரும், வீட்டுல என்ன மொழி பேசறீங்கன்னு கேட்கும். தமிழ்னு எழுதினா பிள்ளையைத் தனி வகுப்புல தள்ளிடுவாங்கன்னு பயந்து நம்மாளுங்க நிறைய பேர் இங்கிலீஷ்னு எழுதிடறாங்க. வேண்டாம், உள்ளதை எழுதுங்க. ஒரு தேர்வு வைப்பாங்க. நியூ ஜெர்சியில அதுக்குப் பேர் விடா (WIDA), 1-ல இருந்து 6 வரைக்கும் ஸ்கோர். கம்மியா வந்தா மொழி உதவி வகுப்பு தருவாங்க. வேண்டாம்னு சொல்ற உரிமையும் பெற்றோருக்கு உண்டு, ஆனா வருஷாவருஷம் வர்ற தேர்வை அப்பவும் எழுதித்தான் ஆகணும். எங்க பாப்பா முதல் தேர்விலேயே தாண்டிட்டா. இலக்கணத்துல நம்ம பிள்ளைங்க சளைச்சவங்க இல்ல.

முதல் நாள் டீச்சர் உள்ள வந்ததும் இவ மட்டும் எழுந்து நின்னு "குட் மார்னிங் மிஸ்"னு ராகம் போட்டிருக்கா. மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்திருக்கு. அந்த ராகம் போக ஒரு வாரம் ஆச்சு.

தினசரி வகுப்பு இப்படித்தான். உள்ள போனதும் போர்டுல ஒரு கேள்வி இருக்கும், அஞ்சு நிமிஷத்துல நோட்டுல நாலு வரி எழுதணும். அப்பறம் கதையில ஒரு பகுதியைப் படிச்சுப் பேசுவாங்க. மாசத்துல ஒண்ணு ரெண்டு நாள் பெஞ்சை எல்லாம் வட்டமா போட்டுட்டு டீச்சர் ஒதுங்கி உட்கார்ந்துடுவாங்க, பிள்ளைங்களேதான் விவாதிக்கணும். பேசினா மார்க், பேசாட்டி மார்க் இல்ல. "கேட்டாதான் பதில் சொல்லணும்"னு வளர்த்த பிள்ளை, யாராவது கேட்பாங்கன்னு காத்துக்கிட்டே இருந்து ரெண்டு தடவை முட்டை வாங்கினா. வீட்டுல நல்ல பேர் எடுத்த அடக்கம் அங்க மார்க்கைக் குறைச்சுடுது.

சரி, எழுத்து வேலைக்கு வர்றேன். எங்க வீட்டுல அழுகை வந்தது அங்கதான்.

நம்ம பத்தாவது இங்கிலீஷ் பேப்பரை நினைச்சுப் பாருங்க. மெமரி பொயம், ரோடு மேப், லெட்டர், பாராகிராஃப். எல்லாத்துக்கும் விடை எங்கேயோ ஏற்கெனவே இருக்கு, அதை அப்படியே கொண்டுவந்து வெச்சா முழு மார்க். அங்க முதல் அசைன்மென்ட், "உன் வாழ்க்கையில ஒரு நாளைப் பத்தி எழுது." பாப்பா கஜா புயலை எடுத்துக்கிட்டா. 2018 நவம்பர் 16 விடியக்காலை, அவ சின்னப் பிள்ளை, இதே வீட்டுலதான் இருந்தா. ரெண்டு பக்கம் எழுதினா. கஜா ஒரு தீவிரப் புயல், டெல்டா மாவட்டங்களைக் கடுமையா பாதிச்சுது, லட்சக்கணக்கான மரங்கள் விழுந்தன, அரசு நிவாரணம் அளிச்சுது. ஒரு பிழை கிடையாது. எனக்குப் பெருமை தாங்கல.

டீச்சர் ஓரத்துல ஒரே வரி எழுதி அனுப்பினாங்க: "இதுல நீ எங்க இருக்கே?"

இவளுக்குப் புரியல, எனக்கும் புரியல. ராத்திரி ஊருக்கு போன் போட்டோம். "அன்னைக்கு நீ என்ன பண்ணினேன்னு ஞாபகம் இருக்கா"ன்னு அம்மாச்சி கேட்டாங்க. கொல்லைக் கதவு திறந்துக்கும்னு அம்மிக்குழவியை உருட்டிட்டு வந்து முட்டுக் கொடுத்தது, ஓடு ஒண்ணொண்ணா பிய்யறப்போ தட்டு உடையற சத்தம் கேட்டது, விடிஞ்சு பார்த்தா தென்னை மரம் கிணத்து மேல குறுக்கே கிடந்ததுன்னு ஒவ்வொண்ணா வந்துது. அடுத்த டிராஃப்ட் அம்மிக்குழவியில ஆரம்பிச்சுது. அதுல பிழைகள் இருந்துது. முதல் டிராஃப்டை விட மார்க் ரொம்பக் கூட.

கட்டுரைன்னா ஒரே ராத்திரியில முடிக்கறது இல்ல. குறிப்பு, முதல் டிராஃப்ட், பக்கத்துப் பிள்ளை படிச்சுத் திருத்தறது, கடைசி டிராஃப்ட்னு ரெண்டு மூணு வாரம் ஓடும். எதுக்கு எத்தனை மார்க்குன்னு ரூப்ரிக்னு ஒரு கட்டம் போட்ட தாள் முன்கூட்டியே தந்துடுவாங்க. அதைப் படிக்காம எழுத உட்கார விடாதீங்க. கதையைப் பத்தின கட்டுரைன்னா, முதல் பாராவிலேயே "நான் இதைச் சொல்றேன்"னு ஒரு வாதம் இருக்கணும். ஆதாரத்துக்குப் புத்தகத்துல இருந்து வரி, பக்க எண்ணோட. தாளோட அமைப்புக்கு எம்.எல்.ஏ. முறைன்னு ஒண்ணு இருக்கு: நாலு பக்கமும் ஒரு இன்ச் மார்ஜின், வரிக்கு வரி ரெட்டை இடைவெளி. (நம்மூர் எம்.எல்.ஏ.வுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.)

இப்போ என் தப்பு. ரெண்டாவது கட்டுரைக்கு "நெட்டுல பார்த்து நல்லதா நாலு வரி சேர்த்துக்கோ"ன்னு நான்தான் சொன்னேன். கைடு பார்த்து எழுதி வளர்ந்தவ நான், அது எனக்குத் திருட்டாவே தோணல. எங்கேயிருந்தாவது காப்பி அடிச்சதான்னு கண்டுபிடிக்க, ஸ்கூல்ல டர்னிட்டின்னு ஒரு மென்பொருள்ல எல்லாத்தையும் போட்டுப் பார்ப்பாங்க. நாலு வரியும் கலர் அடிச்சு வந்துது. பூஜ்யம், கூடவே எங்களைக் கூப்பிட்டுப் பேச்சு. பிள்ளை என்னைக் காட்டிக் கொடுக்கல, நானே சொன்னேன். அதனால ரெண்டு விஷயம். யாரோட வரியா இருந்தாலும் பேரைச் சொல்லித்தான் எடுக்கணும். கட்டுரையை ஆரம்பத்துல இருந்தே கூகுள் டாக்ஸ்லயே தட்டச் சொல்லுங்க. எப்போ எதைத் தட்டினாங்க, அழிச்சாங்கன்னு அதுல பதிவாகும். ஏ.ஐ. எழுதிக் கொடுத்துதான்னு யாராவது சந்தேகப்பட்டா அதைக் காட்டிக்கலாம்.

சில்லறை விஷயங்கள். "ஐ ஹேவ் எ டவுட்"னு சொன்னா டீச்சர் தன்னை நம்பலையோன்னு பார்ப்பாங்க, "கொஸ்டின்"னு சொல்லணும். ரப்பரை எரேசர்னு சொல்லச் சொல்லுங்க, காரணத்தை நீங்களே தேடிப் பார்த்துக்கோங்க. கலர்ங்கற வார்த்தையோட ஸ்பெல்லிங்ல அங்க 'யூ' கிடையாது. டீச்சருக்கு மெயில் போடறது பிள்ளையோட வேலை, நம்மளுது இல்ல. பாப்பாவோட முதல் மெயில், "ரெஸ்பெக்டட் மேடம், அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்." லீவ் லெட்டர் ரத்தத்துல ஊறிக் கிடக்கு. ரெண்டு வரியில நேரா கேட்டாலே டீச்சர் தேதி தள்ளித் தந்தாங்க.

கீழ கமென்ட்ல கேட்டவங்களுக்கு:

"என் பையன் கணக்குல புலி, இங்கிலீஷ் சுமாரா இருந்தா போதாதா?" போதாது. நியூ ஜெர்சியில ஹைஸ்கூல் முடிக்க 120 கிரெடிட் (பாடத்துக்குப் பாடம் சேர்ற புள்ளி) வேணும், அதுல இங்கிலீஷ் மட்டும் 20, நாலு வருஷமும் படிச்சாகணும். காலேஜ்ல சேர எழுதற எஸ்.ஏ.டி. தேர்வுல 1600-க்கு 800 படிக்கறதுக்கும் எழுதறதுக்கும்தான். நம்ம கும்பகோணம் காலேஜ்ல 1904-ல ஸ்காலர்ஷிப்போட சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர வேற எதையும் தொடாம ஸ்காலர்ஷிப்பையே விட்டவர். அவரை இங்கிலாந்துக்குக் கூப்பிட ஹார்டின்னு ஒரு கணக்கு மேதை இருந்தார்.

"சரஸ்வதி பூஜை அன்னைக்கு அசைன்மென்ட் வந்தா?" வரும், ராத்திரி 11:59 கெடுவோட வரும். நாங்க புத்தகத்தை அடுக்கிட்டு லேப்டாப்பை மட்டும் வெளியில விட்டுட்டோம். சரஸ்வதி கோவிச்சுக்கல.

"வீட்டுல இனிமே இங்கிலீஷ்லயே பேசட்டுமா?" தேவையே இல்ல. இப்போ நடக்கறதைச் சொல்றேன். அடுத்த வருஷ ஏ.பி. வகுப்புக்கு (ஹைஸ்கூல்லயே காலேஜ் அளவுப் பாடம் நடத்தற வகுப்பு) லீவுலயே படிக்கச் சொல்லி ஒரு நாவல் கொடுத்திருக்காங்க. பாப்பா பென்சிலை வெச்சுக்கிட்டு பக்க ஓரமெல்லாம் எழுதிக்கிட்டே படிக்கறா, அங்க அதுக்கும் மார்க். "புஸ்தகத்துல கிறுக்கலாமாடி, சரஸ்வதி இல்லையா"ன்னு அம்மாச்சி சத்தம் போட்டாங்க. சமாதானப்படுத்த இவ கதையைத் தமிழ்ல சொன்னா. பாதியிலேயே அம்மாச்சி, "அந்தத் தம்பிக்காரன் மேலதான் தப்பு"ன்னுட்டாங்க.

"ஏன் அம்மாச்சி? எதை வெச்சு சொல்றீங்க?"

"அதான், வந்த கடுதாசியைப் படிச்சுட்டு மடியில சொருகிக்கிட்டானே, அப்பவே தெரியல?"

பாப்பா பக்கத்தைத் திருப்பித் தேடி, அந்த இடத்துல ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டிக்கிட்டா.