14,000 பாட்டு, வருடம் 25 டாலர்: ஐடியூன்ஸ் மேட்ச் கட்டலாமா?

கேசட்பெட்டி:
வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறேன். கணினியில் 14,000 பாட்டு சேர்ந்திருக்கிறது, 100 ஜிபியைத் தொடுகிறது. பாதி நானே சிடியில் இருந்து எடுத்தது. மீதி கதம்பம்: அப்பா ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொடுத்துப் பதிந்து வாங்கிய 90 நிமிடக் கேசட்டுகள், 2000 வாக்கில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இறக்கிய, ஒலித்தரம் குறைந்த 64 கேபிபிஎஸ் எம்பி3, அப்புறம் எங்கள் ஊர்த் திருவிழா நாதஸ்வரக் கச்சேரி ஒன்று, இரண்டரை மணி நேரம் ஒரே ஃபைல். போன் 128 ஜிபி ஐபோன், அதில் பாதி பிள்ளைகளின் வீடியோ. வீட்டில் கேட்கிறாள், மாதாமாதம் ஸ்பாட்டிஃபைக்குக் கட்டுகிறோமே, அதில் இல்லாத பாட்டா உன்னிடம் இருக்கிறது என்று. ஐடியூன்ஸ் மேட்ச், அதாவது நம் பாட்டுகளை இணையத்தில் வைத்துப் போனில் கேட்கத் தரும் ஆப்பிளின் சேவை, வருடத்துக்கு 24.99 டாலர். காசு பெரிதில்லை, பிரயோஜனம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

மொட்டைமாடி:
நான் 2012இல் இருந்து கட்டுகிறேன். ஆரம்பத்தில் 25,000 பாட்டுதான் வரம்பு, 2015இல் ஒரு லட்சமாக்கிவிட்டார்கள், அதனால் இடப் பிரச்சினை வராது. நம் பாட்டின் ஒலியை ஆப்பிள் தன் கடையில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும், இருந்தால் அங்கிருக்கும் 256 கேபிபிஎஸ் பிரதியைத் தரும், இல்லாவிட்டால் நம் ஃபைலையே மேலே ஏற்றிக்கொள்ளும். அப்படி இறக்கிய பிரதிக்குப் பூட்டு கிடையாது, சந்தாவை நிறுத்தினாலும் அது நம்மிடமே இருக்கும். ஆப்பிள் மியூசிக் பட்டியலில் இருந்து இறக்குகிற பாட்டு அப்படி இல்லை, சந்தா முடிந்தால் பாடாது.

உங்கள் லிஸ்டில் இரண்டு இடத்தில் இடிக்கும். 96 கேபிபிஎஸ் அல்லது அதற்குக் கீழே இருப்பதை எடுத்துக்கொள்ளாது, ஆகவே அந்த 64 எல்லாம் அம்போ. ஐடியூன்ஸிலேயே 256க்கு மாற்றிவிட்டால் ஏறிவிடும், ஆனால் சத்தம் ஒன்றும் மேம்படாது, ஃபைல்தான் வீங்கும். நாதஸ்வரமும் ஏறாது: இரண்டு மணி நேரத்தைத் தாண்டினாலோ 200 எம்பியைத் தாண்டினாலோ தள்ளிவிடும். ஆலாபனை முடிகிற இடமாகப் பார்த்து நாலு துண்டு போடுங்கள். தனி ஆவர்த்தனத்தின் நடுவில் வெட்டிவிடாதீர்கள், பாவம்!

தவில்காரன்:
காசு கொடுப்பதற்கு முன்னால் யூடியூப் மியூசிக்கைப் பாருங்கள் சார். ஒரு லட்சம் பாட்டு வரை இலவசமாக ஏற்றலாம். நீங்கள் ஏற்றியது விளம்பரம் இல்லாமல் பாடும், திரையை அணைத்தாலும் பாடும், பிரீமியம் தேவையில்லை. கணினியில் பிரவுசர் வழியாகத்தான் ஏற்ற முடியும். 10 எம்பிபிஎஸ் அப்லோட் வேகம் என்றால் 100 ஜிபிக்கு இடைவிடாமல் 22 மணி நேரம் ஆகும், வார இறுதியில் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விடுங்கள். குறை என்னவென்றால் ஏற்றியவை தனிப் பகுதியில் கிடக்கும். இன்னொன்று, இதே வசதி முன்பு கூகுள் பிளே மியூசிக்கில் இருந்தது, 2020 கடைசியில் அந்தக் கடையையே மூடினார்கள். அமேசானும் தன் பாட்டுக் கிடங்கை மூடியாயிற்று. இலவசம் எத்தனை நாள் ஓடும் என்று எழுதி வாங்க முடியாது.

பழையரிக்கார்டு:
இருவர் சொன்னதும் சரி, ஆனால் கேசட்பெட்டி அண்ணே, எதில் ஏற்றினாலும் மூல ஃபைலை அழித்துவிடாதீர்கள். நான் அழித்தேன். இங்கே யாரும் பெயர் சொல்லாத வேறொரு சேவை அது. என்னிடம் இருந்தது 60களின் மோனோ பதிவுகள், இசைத்தட்டில் இருந்து எடுத்தவை. திருப்பி இறக்கியபோது பலதும் வேறு பதிப்பாக வந்தது, தபலாவுக்கு மேல் புதிதாக ஏதோ தாளம் சேர்த்து, சரணத்தைக் குறைத்து. பாட்டு அதேதான், பெயர் அதேதான், ஆனால் நான் முப்பது வருடம் கேட்டது அதுவல்ல. ஆப்பிளே தன் சேவை பேக்கப் இல்லை என்றுதான் சொல்கிறது. இரண்டு ஹார்டு டிஸ்க், ஒன்று வேறு வீட்டில். அதற்கு ஆகும் செலவு ஒருமுறைதான்.

வீட்டம்மா கேள்விக்கும் பதில் வேண்டுமே: கண்ணை மூடிக்கொண்டு நூறு பாட்டை எடுத்து ஸ்பாட்டிஃபையில் தேடுங்கள். தொண்ணூறு கிடைத்தால் அவர் சொல்வது நியாயம், மிச்சப் பத்தைப் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேசட்பெட்டி:
நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். சினிமாப் பாட்டில் அநேகமாக எல்லாம் இருக்கிறது, அவள் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. ஆனால் நூறில் 27 இல்லை. அப்பா கேசட்டில் இருந்த நாடகப் பாட்டுகள், கோயில் கச்சேரி, எங்கள் தெரு ஆர்க்கெஸ்ட்ரா. 27 சதவீதம் என்றால் ஏறக்குறைய 3,800 பாட்டு, போனில் வைத்தால் நிறைய இடம் போய்விடும். அந்த 3,800ஐ முதலில் யூடியூபில் ஏற்றிப் பார்க்கிறேன், சினிமாவுக்கு ஸ்பாட்டிஃபை போதும். தேடச் சிரமமாக இருந்தால் ஒரு வருடம் மேட்ச். டிஸ்க் இரண்டு ஆர்டர் போட்டாயிற்று, ஒன்று தங்கை வீட்டுக்கு.

ஒரு சந்தேகம்: இளையராஜா பெயரே என்னிடம் ஐந்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. ஏற்றிவிட்டுத் திருத்தலாமா?

மொட்டைமாடி:
வேண்டாம், ஏற்றுவதற்கு முன்னாலேயே திருத்துங்கள். எம்பி3டேக் என்ற மென்பொருளில் ஐந்தையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே பெயராக்கலாம். தமிழிலேயே போடுங்கள், போனில் நன்றாகத் தெரியும்.