மருந்துக்குக் கேட்குமா? ரத்தத்தில் பார்க்கும்போது தவறும் இடங்கள்

ரத்தம் எடுக்கும் பிரிவு

எந்த மருந்து கேட்கும் என்று அறிய, முற்றிய புராஸ்டேட் புற்றுநோயில் கட்டி உதிர்க்கும் டிஎன்ஏவை ரத்தத்தில் தேடும்போது பாதித் தவறு டியூபிலேயே நடந்துவிடுகிறது. ஊதா மூடி இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) டியூபில் எடுத்தால் நாலு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை, அதாவது அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியை, பிரித்துவிடுங்கள். தாமதித்தால் வெள்ளை அணுக்கள் உடைந்து தங்கள் டிஎன்ஏவைக் கொட்டும். அதற்குப் பிறகு கட்டியின் டிஎன்ஏ கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் அணுக்களை உடையாமல் காக்கும் ஸ்ட்ரெக் மாதிரியான டியூப் தேவை. 10 மில்லி முழுசாக நிரப்பி, எடுத்த கையோடு எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. இதை ஃப்ரிட்ஜிலோ ஐஸ் பேக்கிலோ வைக்கவும் கூடாது. ‘ரத்தம் என்றால் குளிரில்தானே’ என்று நல்ல எண்ணத்தில் வைத்தே கெடுப்பவர்கள் அதிகம்.

சென்ட்ரிஃபியூஜ் பக்கம்

சுழற்றிப் பிரிக்கும் கருவியில் முதல் சுற்று 1600 ஜி (புவியீர்ப்பைப் போல 1600 மடங்கு விசை), 10 நிமிடம். மேலே நிற்கும் பிளாஸ்மாவை எடுக்கும்போது வெள்ளை அணுப் படலத்துக்கு மேல் அரை சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டால் படலமும் பிப்பெட்டில் ஏறிவிடும். பிறகு 2 மில்லி குழாய்களுக்கு மாற்றி 16,000 ஜியில் 10 நிமிடம். அதற்குப் பிறகே மைனஸ் 80 டிகிரி உறைவிப்பான்.

ஜியையும் ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) குழப்புவது இன்னொரு தொல்லை. டியூபைத் தாங்கிச் சுழலும் ரோட்டரின் ஆரம் 17 சென்டிமீட்டர் என்றால் 1600 ஜிக்கு ஏறக்குறைய 2900 ஆர்பிஎம் போதும். அதே 2900ஐ 10 சென்டிமீட்டர் ரோட்டரில் ஓட்டினால் 940 ஜிதான் கிடைக்கும். படலம் இறுகாமல் மிதக்கும். சுவரில் ஒட்டிய பழைய அட்டையை நம்பாமல் ரோட்டரை அளந்து பாருங்கள்.

அந்த வெள்ளை அணுப் படலத்தையும் தூக்கி எறியாதீர்கள். ஏன் என்று கீழே யாராவது சொல்வார்கள்.

மரபணு அறிக்கை எழுதுபவர்

நானே சொல்லிவிடுகிறேன். வயதாக ஆக எலும்பு மஜ்ஜையின் ரத்த அணுக்களிலும் பிறழ்வுகள் சேரும். டிஎன்ஏ பழுதைக் கவனிக்கும் ஏடிஎம், செக்2 மரபணுக்களில் இது அடிக்கடி தெரியும். பிளாஸ்மாவை மட்டும் படித்தால் அது கட்டியின் பிறழ்வாகவே தோன்றும், அதை நம்பி, அந்தப் பழுதுள்ள கட்டிகளுக்கான ஓலாபரிப் மருந்து எழுதப்படும், நோய் அசையாது. வெள்ளை அணுக்களின் டிஎன்ஏவைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது ‘எதுவும் இல்லை’ என்ற முடிவு. மாதிரியில் 10 நானோகிராம் டிஎன்ஏ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 3000 மரபுத்தொகுதிப் பிரதிகள். கட்டியின் பங்கு 1 சதவீதம் என்றால், இரு பிரதிகளில் ஒன்றில் மட்டும் உள்ள பிறழ்வுக்கு மிஞ்சுவது 15 பிரதிகள். பிரித்தெடுக்கும்போது பாதி போய்விட்டால் என்ன தேறும்?

ஆண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஆன்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு பெருகியிருக்கிறதா என்பது இன்னும் கஷ்டம். அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கு இயல்பான எண்ணிக்கை 1. கட்டியில் 11 பிரதிகள், கட்டியின் பங்கு 20 சதவீதம் என்றால் கணக்கு 3 என வரும், பளிச்சென்று தெரியும். பங்கு 2 சதவீதம் என்றால் வருவது 1.2, இரைச்சலோடு கலந்துவிடும். டிஎன்ஏ பழுது பார்க்கும் பிஆர்சிஏ2 மரபணு முழுசாக அழிந்திருப்பதும் இப்படித்தான் நழுவும். அதனால் கட்டியின் பங்கு எவ்வளவு என்று எழுதாத அறிக்கையை நெகட்டிவ் என்று படிக்காதீர்கள்.

எடுக்கும் நேரமும் முக்கியம். மருந்து வேலை செய்து பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் புரதம்) விழுந்துகொண்டிருக்கும்போது எடுத்தால் ஒன்றும் அகப்படாது. நோய் மீண்டும் ஏறும்போது, அடுத்த மருந்து தொடங்கும் முன் எடுக்க வேண்டும்.

மருந்து எழுதும் பக்கத்திலிருந்து

ஆன்ட்ரோஜன் ஏற்பியின் குறைபட்ட வடிவமான ஏஆர்-வி7 பற்றி யாரும் தொடவில்லையே. 2014இல் 62 பேரிடம் செய்த ஆய்வில், ஆண் ஹார்மோன் வழியை அடைக்கும் இரண்டு மருந்துகளில், என்ஸலுடமைடு பிரிவில் 12 பேர், அபிராடெரோன் பிரிவில் 6 பேர் பாசிட்டிவ். அந்தப் 18 பேரில் ஒருவருக்குக்கூட பிஎஸ்ஏ பாதியாகக் குறையவில்லை. ஆக, பாசிட்டிவ் வந்தால் டாக்ஸேன் வகைக் கீமோதெரபி பக்கம் யோசிப்பதில் நியாயம் உண்டு. நெகட்டிவுக்கு அந்த எடை கிடையாது. எதிர்ப்புக்கு வேறு வழிகள் எத்தனையோ. அந்த ஆய்வில் பார்த்தது ரத்தத்தில் சுற்றும் புற்றணுக்களின் ஆர்என்ஏவை. புற்றணுவே பிடிபடாத மாதிரிக்கும் சிலர் ‘நெகட்டிவ்’ என்றே எழுதுகிறார்கள். ‘மதிப்பிட இயலவில்லை’ என்று எழுதுவதே நேர்மை.

இன்னொன்று: ஆன்ட்ரோஜன் ஏற்பியில் எல்702எச் என்ற பிறழ்வு வந்தால், அபிராடெரோனோடு கூடவே கொடுக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனே ஏற்பியைத் தூண்டும். மருந்துப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

உயிர்வேதியியல் ஆய்வகம்

விலை உயர்ந்த சோதனைக்கு ஓடும் முன் சாதாரணமானவற்றை ஒழுங்காகப் பாருங்கள். அணுக்களுக்குள் இருக்கும் நொதியான எல்டிஹெச் கூடியிருந்தால் முதலில் சீரம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் எடுக்கும்போது ஊசியில் சிவப்பணு உடைந்தாலே அது ஏறும், என்எஸ்ஈ என்ற இன்னொரு நொதியும் அப்படியே. குரோமோகிரானின் ஏ என்ற புரதம் கூடினால் நியூரோஎண்டோகிரைன் மாற்றம் (கட்டி வேறு வகையாக மாறுவது) என்று பதறும் முன், ஒமெப்ரசோல் வகை அமில மாத்திரை ஓடுகிறதா என்று கேளுங்கள். அந்த மாத்திரை மட்டுமே அதை நன்றாக ஏற்றிவிடும்.

பிஎஸ்ஏ முதல் 12 வாரத்தில் ஏறி இறங்கலாம், அதை வைத்து மருந்தை நிறுத்தக் கூடாது. குறைந்த அளவிலிருந்து 25 சதவீதமும் மில்லிக்கு 2 நானோகிராமும் ஏறி, மூன்று வாரமாவது கழித்து மறுபடி எடுத்தும் ஏற்றம் நிலைத்தால்தான் கணக்கு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை மறந்தே விடுகிறார்கள். 50 நானோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே இல்லையென்றால் அதை எதிர்ப்பு என்று அழைக்கவே முடியாது. ஹார்மோனைக் குறைக்கப் போடும் ஊசி தவறியிருக்கலாம், அவ்வளவுதான்.

ரத்தம் எடுக்கும் பிரிவு

பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரையையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். எதிர்ப்பொருளை வைத்து அளக்கும் சில இம்யூனோஅஸே கருவிகளில் பிஎஸ்ஏ குறைவாகவும் டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாகவும் காட்டுவது அதனால்தான்.