உதவி: ரிக்கற்றில் சென்-ஃபுவா, ஹொட்டேல் பழைய கியூபெக்கில். என்ன செய்யலாம்?

கேட்டவர் (ஸ்காபரோ):
வணக்கம். ஓகஸ்ட் நீண்ட வார இறுதிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து கியூபெக் நகரத்துக்கு ரயிலில் போகிறோம். வெள்ளி போய்த் திங்கள் திரும்புகிறோம். நேற்று இரவு ரிக்கற்றை வடிவாகப் பார்த்தபோதுதான் இரண்டு பிழை கண்ணில் பட்டது. இறங்கும் இடம் சென்-ஃபுவா என்று இருக்கிறது. ஹொட்டேலோ மதிலுக்குள்ளே, மேல் நகரத்தில். அடுத்தது, மொன்றியல் வரை ஒரு பதிவு, அங்கிருந்து கியூபெக்குக்கு வேறு பதிவு. இடையில் 55 நிமிடம்தான். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் நோவு. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தொடமாட்டா. எங்களுக்குப் பிரெஞ்சும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பதில் (மொன்றியல்):
தம்பி, முதல் பிழை பெரிய விஷயமே இல்லை. சென்-ஃபுவா புறநகர் நிலையம். அதே ரயில்தான் அங்கே நின்றுவிட்டு கார் டு பலே வரை போகிறது. அதுதான் கடைசி நிலையம், பழைய நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இறங்கும் இடத்தை அதற்கு மாற்றச் சொல்லுங்கோ. 1915இல் கட்டிய நிலையம், கோட்டை மாதிரி கூரை, உள்ளே நிமிர்ந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடி. அம்மாவுக்குக் காட்டாமல் வராதீங்கோ.

இன்னொன்று. சென்-ஃபுவாவுக்குச் சற்று முன்னால் ரயில் கியூபெக் பாலத்தில் சென் லோரன்ஸ் ஆற்றைக் கடக்கும். கட்டும்போதே இரண்டு தரம் இடிந்த பாலம். 1907இல் 75 பேர், 1916இல் 13 பேர் இறந்தார்கள். 1917இல்தான் முடித்தார்கள். தூணுக்குத் தூண் 549 மீற்றர். இரு பக்கத் தூண்களிலிருந்தும் கைபோல நீளும் கன்ரிலீவர் வகைப் பாலங்களில் இன்றைக்கும் உலகத்திலேயே நீளமான இடைவெளி அதுதான். அந்த நேரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பதில் (மிசிசாகா):
எனக்கு உங்கள் இரண்டாவது பிழைதான் பயம். போன வருடம் நானும் இப்படித் தனித்தனியாகத்தான் பதிந்தேன். முதல் ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தியது. மொன்றியலில் இறங்கும்போது மற்றது போய்விட்டது. பிள்ளைகளோடு நின்று புது ரிக்கற் முழுக் காசுக்கு வாங்கினேன். அந்தப் பாதையில் பெரும்பகுதி சரக்கு ரயில்காரருடையது, பயணிகள் ரயில் காத்து நிற்க வேண்டி வரும். ஒரே பதிவாக இருந்தால், தவறவிட்டாலும் அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இன்றைக்கே தொலைபேசி எடுத்து ஒன்றாக்கித் தரச் சொல்லுங்கோ. ஏலாது என்றால் ரொறன்ரோவிலிருந்து முந்தின ரயிலைப் பிடியுங்கோ. மொன்றியலில் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவியும் முன்கூட்டியே கேளுங்கோ.

கேட்டவர்:
மிக்க நன்றி. பழைய நகரம் முழுக்கப் படிகள் என்று சொல்லுகிறார்களே, அம்மா எப்படிச் சமாளிப்பா?

பதில் (மொன்றியல்):
மேல் நகரம் குன்றின் மேல், கீழ் நகரம் ஆற்றங்கரையில். நிலையம் இருப்பது கீழே. அங்கிருந்து ஹொட்டேலுக்கு ராக்சி பிடியுங்கோ; மேலே போகும் கோட் டு பலே தெரு சரியான ஏற்றம், பெட்டியோடு நடக்க வேண்டாம்.

அப்புறம், எந்த இடத்தையும் மேலிருந்து கீழாகப் பாருங்கோ. ஷாத்தோ ஃப்ரோந்தனாக் என்ற கோட்டை மாதிரி ஹொட்டேலின் பக்கத்தில் பலகை போட்ட நீண்ட நடைபாதை இருக்கிறது. அங்கே வாங்கில் அம்மாவை இருத்துங்கோ; ஆறும் கப்பலும் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக இருப்பா. அந்த நடைபாதையிலிருந்தே கேபிள் பெட்டி ஒன்று கீழே பெத்தி ஷாம்ப்லென் தெருவுக்கு இறங்குகிறது, 1879இலிருந்து ஓடுகிறது. படியே வேண்டாம். திருத்த வேலைக்கு மூடியிருக்கிறதா என்று மட்டும் முதலே பாருங்கோ. கீழே கல் பதித்த தெரு, மெத்தென்ற சப்பாத்து நல்லது. பிரெஞ்சுக்காரர் ஷாம்ப்லென் 1608இல் குடியேற்றத்தைத் தொடங்கிய பிளாஸ் றுவாயால் சதுக்கம் அங்கிருந்து கிட்டத்தான். பிறகு அக்கரையில் இருக்கும் லெவி நகரத்துக்குப் போகும் படகில் ஏறுங்கோ. பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம். நகரம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிவது அந்தப் படகிலிருந்துதான்.

சாப்பாட்டில் கவனம். புட்டீன் வெறும் உருளைக்கிழங்கு பொரியலும் சீஸும் போலத் தெரியும், ஆனால் மேலே ஊற்றும் குழம்பில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கலாம். பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி போடுவார்கள். "சான் வியாந்த்" என்றால் இறைச்சி இல்லாமல். கடைக்குள் போனதும் முதலில் "போன்ஷூர்" சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறுங்கோ. முகம் மலர்ந்து கதைப்பார்கள். ஒன்ராறியோவின் அந்த ஓகஸ்ட் திங்கள் கியூபெக்கில் விடுமுறை இல்லை. அதனால் திங்கள் காலையில் கடைகள் வழமைபோலத் திறந்திருக்கும்.

கேட்டவர் (திரும்பி வந்த பிறகு):
போய் வந்துவிட்டோம். இரண்டு பதிவையும் ஒன்றாக்கி, கார் டு பலேக்கு மாற்றித் தந்தார்கள். முதல் ரயில் 40 நிமிடம் பிந்தியது. நாற்காலியோடு ஒருவர் காத்து நின்றபடியால்தான் அடுத்ததைப் பிடித்தோம். பாலத்தில் ரயில் மெல்லப் போனபோது இரும்புச் சட்டங்களின் நிழல் அம்மாவின் மடியில் ஒவ்வொன்றாக விழுந்து போனது. இறந்தவர்களைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அக்கரை வரும் வரை கைகூப்பிக்கொண்டே இருந்தா.