விடையைக் கெடுத்துக் காட்டு: இழைகளைக் கற்பிக்க மென்பொருள் எழுதிய அனுபவம்

பல இழைகள் (threads, ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைத்தொடர்கள்) ஒரே சமயத்தில் ஓடும் நிரல்களைக் கற்பிப்பதற்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினோம். முதல் வடிவத்தில் இரண்டு இழைகள் இரண்டு வண்ணங்களில் தெரியும். வரிகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்துகொண்டே போகும். மாணவர்கள் ரசித்துப் பார்த்தார்கள். பிறகு தேர்வில், ஒரே மாறியில் இரண்டு இழைகளும் ஒன்றைக் கூட்டினால் விடை குறைய வாய்ப்புண்டா என்று கேட்டோம். பெரும்பாலோர் இல்லை என்றே எழுதியிருந்தார்கள்.

தவறு எங்களுடையது. 'எண் = எண் + 1' என்ற வரியை எங்கள் மென்பொருள் ஒரே அடியாக ஓட்டிக் காட்டியது. உள்ளே நடப்பது மூன்று: நினைவகத்திலிருந்து எடுப்பது, கூட்டுவது, திரும்ப எழுதுவது. பிழை நுழையும் இடுக்கை மூடிவைத்துவிட்டுப் பிழையைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறோம்!

எல்லாவற்றையும் பிரித்துப்போட்டோம். 'ஓட்டு' பொத்தானை நீக்கி, இழைக்கு ஒரு பொத்தான் வைத்தோம். அடுத்த அடியை எந்த இழை வைப்பது என்பதை மாணவரே முடிவு செய்வார். அவருக்கு ஒரே வேலை, விடையைக் கெடுப்பது. மூன்று அடிகள் கொண்ட இரண்டு இழைகளைக் கோக்க 20 வரிசைகள் உண்டு. அவற்றில் 2 மட்டுமே சரியான விடை தரும். இதைத் தானே எண்ணிப் பார்த்த ஒரு மாணவி, "பிறகு என் கணினியில் மட்டும் எப்படிச் சரியாகவே வருகிறது?" என்று கேட்டார். ஓர் இழை தொடங்குவதற்குள் மற்றது வேலையை முடித்துவிடுகிறது, அதனால்தான். படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. இரண்டு இழைகளும் பத்துப் பத்து முறை கூட்டும். 20 வரவேண்டிய இடத்தில் எவ்வளவு சிறிய எண்ணை வரவழைக்கலாம்? பலர் 10-இல் நின்றுவிடுவார்கள். 2 வரை இறக்கலாம். முதல் இழை 0-ஐ எடுத்துவைத்துக் காத்திருக்க, இரண்டாவது ஒன்பது சுற்று ஓட வேண்டும். முதலாவது 1 என்று எழுதியதும், இரண்டாவது தன் கடைசிச் சுற்றுக்கு அந்த 1-ஐ எடுத்துக்கொள்ளும். முதலாவது மீதி ஒன்பதையும் முடித்த பிறகு இரண்டாவது 2 என்று எழுதும். இதை ஒருமுறை கையால் செய்தவருக்குப் பூட்டு (ஓர் இழை முடிக்கும்வரை மற்றதைக் காக்கவைக்கும் ஏற்பாடு) எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

* * *

நாங்கள் இடறியது வேறோர் இடத்தில். எங்கள் மென்பொருளில் 'அ', 'ஆ' என்ற இரண்டு மாறிகளும் தொடக்கத்தில் 0. முதல் இழை 'அ'வில் 1 எழுதி 'ஆ'வைப் படிக்கும். இரண்டாவது 'ஆ'வில் 1 எழுதி 'அ'வைப் படிக்கும். இரண்டும் 0 படிக்க முடியுமா? இருக்கும் 6 வரிசைகளில் எதிலும் முடியாது என்று மென்பொருள் காட்டியது. ஒரு மாணவர் அதையே தன் கணினியில் பல்லாயிரம் முறை ஓட்டி, சில முறை இரண்டும் 0 என்று வந்த பதிவைக் கொண்டுவந்தார். நிரலில் பிழை இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று இரவு நானே ஓட்டிப் பார்த்தபோது எனக்கும் வந்தது.

எல்லா இழைகளின் அடிகளும், ஒவ்வோர் இழையின் வரிசை மாறாமல், ஒரே வரிசையில் நடந்ததுபோல் இருக்க வேண்டும் என்று கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1979-இல் வரையறுத்தார் (sequential consistency). எங்கள் மென்பொருள் அதை அப்படியே பின்பற்றியது. இன்றைய செயலிகள் அதற்கு உறுதி தருவதில்லை. எழுதிய மதிப்பு நினைவகத்தைச் சேருமுன் செயலியின் இடைச்சேமிப்பில் சற்றுத் தங்குகிறது; அதுவரை மற்ற இழைக்குப் பழைய 0-தான் தெரியும். மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம். இப்போது ஒவ்வோர் இழைக்கும் அருகில் ஒரு சிறு பெட்டி உண்டு. எழுதுவது முதலில் அதில் விழும், நினைவகத்துக்கு அனுப்பத் தனிப் பொத்தான். முதலில் சோதித்தவர் அந்த மாணவர்தான். நான்காவது சொடுக்கில் இரண்டு பூஜ்யங்களும் வந்துவிட்டன.